எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத ஜப்பான் காடி

ஒரு பொருளை விற்கிறவனுக்கு அந்தப் பொருளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நீங்கள் நம்பினால், தயவுசெய்து அந்த நம்பிக்கையை இந்தக் கட்டுரையோடு விட்டுவிடுங்கள். நான் மலேசியாவில், குவாலா சிலாங்கூரில் கார் (எங்கள் பேச்சில் காடி) விற்பவன். என் கையால் விற்ற முதல் கார், கோயில் வாசலில், அம்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓர் அடிகூட நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. தப்பு காருடையது அல்ல, முழுக்க முழுக்க என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜப்பான் கம்பெனிமேல் எனக்குள்ள பக்தி இன்றுவரை குறையவில்லை. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.)

ஆறேழு வருடங்களுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒன்று தலையணை அளவு தடிமன். எந்தப் பொத்தான் எதற்கு, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று பக்கம் பக்கமாகப் போகும். இன்னொன்று மெல்லியது, வழவழப்பான தாள், நிறையப் படங்கள். அது கம்பெனியின் வரலாறு. நான் எதைப் படித்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

படித்தேன் என்று சொல்வது குறைவு. மனப்பாடம் செய்தேன். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் போய்ப் போய் வளர்ந்த வாய் அது, சும்மா இருக்குமா? நெல் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறை அது. அதன் முதலாளிக்குக் கார் செய்யும் ஆசை வந்தது. முதல் காரை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், மலைப்பாதையில் அது நின்றுவிட்டது. சேதி கேட்டதும் முதலாளி தன் சைக்கிளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்க மிதித்துப் போய்ச் சேர்ந்தார். தன் கையாலேயே பழுதுபார்த்தார். பிறகு அந்த வாடிக்கையாளர் முன்னால் தொப்பி கீழே விழுகிற அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் கார் நிற்கக் கூடாது என்பதே அவர்களின் வேதமாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் நிற்காத கார் என்ற அந்தப் பெயர் புத்தகத்திலிருந்து வரவில்லை. எஸ்டேட் செம்மண் பாதையிலிருந்து வந்தது. கணக்கு எழுதும் கிராணி புதிதாக வாங்கிய காரை, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பழசாக வாங்குவார். மண்டோரின் மருமகன் அதை இன்னும் பழசாக வாங்குவார். அந்தக் கார் மூன்று குடும்பத்துக் கல்யாணங்களையும் பார்த்துவிட்டு, இன்னமும் சுங்கை பஞ்சாங் வயல் ரோட்டில் உரமூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். அதற்கு வயதாகும், சாவு மட்டும் வராது.

ஆனால் வரலாறு கார் விற்றுத் தரவில்லை. கடைக்குள் நுழைந்தவர்களிடம் எல்லாம் நான் பம்புப் பட்டறையிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மலாய் ஆசிரியை விலை மட்டும்தான் கேட்டார். முதலாளி சைக்கிளை எடுக்கும் கட்டத்துக்கு நான் வருவதற்குள் அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். எங்கள் மேனேஜர் லிம் நல்ல மனுசன், அதிகம் பேசமாட்டார். மூன்று மாதத்தில் ஒரு கார், இல்லையென்றால் வேறு வேலை பார் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். இரண்டரை மாதம் ஓடிப்போயிருந்தது. இதற்கு முன்னால் ஒரு போன் கடையிலும் ஒரு பேரங்காடியிலும் நான் வேலையை விட்டிருந்தேன் (சரி, வேலை என்னை விட்டிருந்தது). அம்மா இந்த முறை மூன்று வெள்ளைச் சட்டை வாங்கித் தந்து, நாங்கள் குடியிருக்கும் தாமான் முழுக்க, வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இதுவும் போனால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அப்போதுதான் பெருமாள் அண்ணன் வந்தார். சுங்கை ஆயர் தாவார் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர். அரைக்கால் சிலுவாரும் ரப்பர் செருப்புமாக உள்ளே வந்தவரை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எனக்குக் கேட்க ஆள் வேண்டும். அவர் கன்னத்தில் கை வைத்தபடி முழு வரலாற்றையும் கேட்டார். முதலாளி குனிந்த இடத்தில் அவர் கண் கலங்கியது.

"அவரு இப்ப இருக்காரா தம்பி?"

"இல்லண்ணே, எப்பவோ இறந்துட்டாரு."

"அடப்பாவமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். "நம்ம பழைய காடியும் இந்தக் கம்பெனிதான். இத்தனை வருசத்துல ஒரு நாள் ரோட்டுல நின்னதில்ல லா. புக் பண்ணிரு."

நான் பேனாவைத் தேடி எடுத்தேன். ஆனால் பின்னாலேயே அவருடைய மனைவி சரோஜா அக்கா நின்றிருந்தார். அவருக்கு எதிர்க்கடைக் கார்தான் பிடித்திருந்தது. என் பேச்சை அவர் ஒரு சொல்கூட நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வாய் நல்லாத்தான் இருக்கு. காடி எப்படின்னு பாப்போம்" என்றார் அக்கா. "எங்க எஸ்டேட் கோயில்ல வெள்ளிக்கிழமை பூசை. காடிய நீயே கொண்டாந்து குடு. பூசை நல்லபடியா முடிஞ்சாத்தான் கையெழுத்து. ஏதாச்சும் தகராறு பண்ணுச்சுன்னா அப்படியே திருப்பி ஓட்டிக்கிட்டுப் போயிரு."

அந்த வெள்ளிக்கிழமைதான் என் மூன்று மாதத்தின் கடைசி நாள்.

காலையிலேயே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். (விற்பனையாளன் வேட்டி கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு எல்லாமே கொஞ்சம் கூடுதல்தான்.) போகிற வழியில் பூக்கடையில் நின்று, கடையிலேயே பெரிய மாலையாகப் பார்த்து வாங்கினேன். செண்டுமல்லி, என் தொடை தடிமன், விரித்தால் ஓர் ஆள் நீளம். கோயிலில் பெருமாள் அண்ணன் பார்த்துவிட்டு, "ஒரு முழம் பூ போதும் தம்பி" என்றார். நான் கேட்பேனா? காரின் முன்பக்கம் முழுவதும், இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை, பம்பர் மறையும்படி இழுத்துக் கட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது. நானே என் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டேன்.

எஸ்டேட்டில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பூசாரி கண்ணாடியில் திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்தார். நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழங்கள். தேங்காய் உடைந்தது, பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் காட்டியாயிற்று. பத்தரைக்கு ராகு காலம். பத்தேகால் ஆகியிருந்தது. பெருமாள் அண்ணன் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

கார் பீப் பீப் பீப் என்று கத்தியது. அவர் எண்ணெயை, அதாவது ஆக்சிலேட்டரை, அழுத்தினார். கார் மூக்கை ஒரு விரற்கடை நீட்டியது, பிறகு டக்கென்று தானே பிரேக் பிடித்து நின்றது.

மறுபடி அழுத்தினார், மறுபடி டக். எலுமிச்சம்பழங்கள் நான்கும் உருண்டையாக, பத்திரமாக இருந்தன.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. 

"என்னா தம்பி இது?" என்றார் பெருமாள் அண்ணன் கண்ணாடியை இறக்கி.

"ஒண்ணுமில்லண்ணே, புதுக் காடில்ல, வெக்கப்படுது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் போய் முன்மூடியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே எது எஞ்சின் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள், நானும் எட்டிப் பார்த்தேன். பிறகு ஏதாவது செய்ய வேண்டுமே என்று பட்டு வேட்டியோடு காருக்கடியில் படுத்து எதையோ தட்டினேன். வெளியே வந்தபோது வேட்டியில் செம்மண், முதுகில் பூசணிக்காய். லிம்முக்குப் போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. நல்லவேளை என்றுதான் தோன்றியது.

அதற்குள் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பான் காடிக்கு நம்ம சாமி பழக்கமில்லை என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் அழுகலாக இருக்கும் என்றார் இன்னொருவர். பூசாரி கையை உயர்த்தினார்.

"அம்மா வழி விடல. இந்தக் குடும்பத்துல யாரோ வேண்டுதல நிறைவேத்தாம வெச்சிருக்காங்க. யாருன்னு சொல்லிருங்க."

எல்லோரும் சரோஜா அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பெருமாள் அண்ணனைப் பார்த்தார். பெருமாள் அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"அது வந்து… லோரி வாங்குனப்ப" என்று மெதுவாக ஆரம்பித்தார். "லோன் கெடச்சா மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"எப்ப?"

"நம்ம பெரியவன் பொறக்கறதுக்கு முன்னால."

"பெரியவனுக்குக் கல்யாணமே ஆயிருச்சு! இத்தனை வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க!"

"அப்ப முடி நல்லா இருந்துச்சு சரோஜா" என்றார் அவர், பரிதாபமாக.

பூசாரி மொட்டையடிக்கக் கத்திக்கு ஆள் அனுப்பினார்.  தெய்வக் குற்றம் என்று தீர்மானமாகிவிட்டால் அந்தக் காரை இந்த ஜில்லாவில் ஒருவரும் தொட மாட்டார்கள். பத்தே நிமிடத்தில் ஒரு கம்பெனியின் பெயரை நான் மண்ணில் புரட்டிவிட்டேன். கூடவே என் வேலையும், அம்மா வாங்கித் தந்த சட்டைகளும் போகப் போகின்றன. பெருமாள் அண்ணன் வேறு என்னைப் பார்த்து, "ஒங்க மொதலாளி சைக்கிள்ல வருவாருன்னியே தம்பி, கூப்புடேன்" என்றார். கிண்டலா, உண்மையான ஆசையா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

சரோஜா அக்கா கோபத்தில் போய்க் காரின் பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார். கணவரைத் திட்டுவதற்கு அதுதான் வசதியான இடம் என்று நினைத்திருப்பார். திட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"தம்பி, இங்க வா. இந்தத் திரையில மஞ்ச மஞ்சளா ஒரு படம் தெரியுதே, அது என்னா?"

எட்டிப் பார்த்தேன். முன்பக்கக் கேமரா காட்டும் படம் அது. திரை முழுக்கச் செண்டுமல்லி. கீழே சிவப்பு எழுத்தில், முன்னால் ஏதோ தடையாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அந்தக் கார் அவ்வளவு நேரமும் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் எஞ்சினைப் பார்த்தேன், அடிவயிற்றைப் பார்த்தேன், ஆகாயத்தைப் பார்த்தேன். திரையை மட்டும் பார்க்கவில்லை. பம்பரில் கண்கள் மாதிரி உணர்கருவிகள் உண்டு, முன்னால் எது இருந்தாலும் இடித்துவிடாமல் கார் தானே நின்றுகொள்ளும். இதெல்லாம் அந்தத் தடித்த புத்தகத்தில் இருந்தது. பம்புப் பட்டறை வரை தெரிந்திருந்த எனக்குப் பம்பரைத் தெரியவில்லை.

"மாலைக்கா" என்றேன்.  "நான் கட்டுன மாலை."

ஓடிப்போய் அவிழ்த்தேன். அவசரத்தில் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். கழற்றிய மாலையைத் தரையில் போட மனமில்லாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். பெருமாள் அண்ணன் எண்ணெயை அழுத்தினார். கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சத், சத் என்று எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அந்தச் சத்தத்தைவிட இனிமையாக நான் இன்றுவரை எதையும் கேட்டதில்லை. ராகு காலத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கூட்டம் கை தட்டியது. பெருமூச்சு விட்டேன் என்று எழுதினால் போதாது, மூன்று மாத மூச்சையும் சேர்த்து அங்கேயே விட்டேன்.

ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அவர் இறங்கியதும், நான் அவர் முன்னால் போய் நின்று ஜப்பான்காரர் மாதிரி இடுப்பு வரை குனிந்தேன். தொப்பி இல்லாததால் மாலை கழன்று விழுந்தது.

"காடிமேல தப்பில்ல லா" என்று என்னைத் தூக்கி நிறுத்தினார் அவர். "பூ இருந்தாக்கூட இடிக்க மாட்டேங்குது பாரு. ஒங்க மொதலாளி பெரிய ஆளு."

சரோஜா அக்கா காரின் முன்மூடியிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "காடி வாய் தொறந்து சொல்லுது, ஒனக்குத்தான் கேக்கல" என்றார் என்னிடம். பிறகு பூசாரி பக்கம் திரும்பி, "கத்தி வந்துருச்சா?" என்று கேட்டார். கார் நகர்ந்துவிட்டதே என்று பெருமாள் அண்ணன் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. புதுக் காரின் முதல் படத்தில் அவர் பளபளவென்று மொட்டைத் தலையோடு நிற்கிறார்.

வேலை நிலைத்தது. லிம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். மறுநாள், கார் ஒப்படைக்கும் தாளின் கடைசியில், பம்பரில் மாலை கட்டக் கூடாது என்று ஒரு வரி ஏறியிருந்தது. இன்றும் இருக்கிறது. தடித்த புத்தகத்தை அதற்குப் பிறகு இரண்டு முறை படித்துவிட்டேன்.

இதெல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்துத்தான் என் கல்யாணத்துக்கு அவர்களையும் அழைத்தேன். மேடையில் மாலை மாற்றினோம். மாலை சுமந்த கழுத்தோடு, அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். மணவறையைச் சுற்றி வரச் சொல்லி ஐயர் இரண்டு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது முதல் வரிசையிலிருந்து வந்த பெருமாள் அண்ணன் குரல்தான்.

"அம்மாடி, மொதல்ல மாலையக் கழட்டும்மா! அது இருந்தா தம்பி நகராது!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஒன்றும் புரியாமல் விழித்த என் மனைவிக்குச் சரோஜா அக்கா பந்தியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். இப்போதும் நான் பேரங்காடியிலோ சமையலறையிலோ எதையாவது யோசித்துக்கொண்டு வழியை மறித்து நின்றால் அவள் திட்டுவதே இல்லை. பக்கத்தில் வந்து, மாலை ஏதும் கிடக்கிறதா என்று என் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். நான் உடனே நகர்ந்துவிடுவேன்.