தரைமேல் தரை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை கூடத்தை அளந்தது. அளவு நாடாவின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். ஆறாவது தரைக்கான அளவு அது. மூன்றாம் நாள் மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இருந்தாலும் நான் எழுதப்போவது இரங்கல் குறிப்பு அல்ல. ஓர் இனத்தைப் பற்றிய குறிப்பு.

அந்த இனத்துக்குத் தரைமாற்றி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்த ஆள்தான். உங்கள் வீட்டுக்குள் வந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், காலடியைப் பார்ப்பார், செருப்பைக் கழற்றிய கையோடு குதிகாலால் இரண்டு தட்டு தட்டி, கீழே பொள்ளலா என்று காதைத் தீட்டிக்கொண்டு, பிறகு குந்தி உட்கார்ந்து, கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கைக் கட்டைவிரலால் வருடி, நீங்கள் நீட்டிய தண்ணீரை வாங்காமலே, "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்பார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தவர் அவர். விசாரித்தாரா? இல்லை.

எங்கள் வீட்டைக் கட்டியபோது சிவப்பு சிமென்ட் தரை போட்டிருந்தார்கள். முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பு. அடுத்த தெருவில் ஒருவர் மொசைக் போட்டார். "சிமென்ட் தரையா? இப்ப யாரு போடுறா?" என்றார் அப்பா. மொசைக் வந்தது. பத்து வருடம் கழித்து, "மொசைக்கா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். பளிங்கு வந்தது. பளிங்கில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் கறை பிடிக்கும் என்று போட்ட பிறகு தெரிந்தது. அதன்மேல் கண்ணாடி போல மின்னும் டைல்ஸ். அது குளிர்கிறதென்று அதன்மேல் மரம். மரம் என்றால் மரம் இல்லை. மரத்தின் படம் ஒட்டிய பலகை. ஒவ்வொரு முறையும், "இதோட சரி. இனிமே ஜென்மத்துக்கும் தரையில கை வைக்க வேண்டாம்."

நேற்று வரை தலையில் வைத்துக் கொண்டாடியதை இன்று வாய் கூசாமல் திட்ட ஒரு தனித் திறமை வேண்டும். தரைமாற்றிக்கு அது பிறவியிலேயே உண்டு.

பழையதை உடைத்தாரா? தரை ஒட்டும் மேஸ்திரி வாசலிலேயே சொல்லிவிடுவார்: "சார், கீழ இருக்கிறது கல்லு மாதிரி இருக்கு. உடைச்சா ஒரே தூசி. மேலயே போட்டுடலாம்." இந்த வாக்கியத்தைக் கேட்டதும் தரைமாற்றியின் முகத்தில் வரும் நிம்மதியை நீங்கள் பார்க்கவேண்டும்.

நான் கட்டடப் பொறியாளர். எனவே கணக்கு: மொசைக் நாற்பது மில்லிமீட்டர், பளிங்கு நாற்பத்தைந்து, டைல்ஸ் பதினைந்து, மரம் பன்னிரண்டு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. நான்கு முறையும் தச்சர் வந்து கதவுகளின் அடியை அறுத்தார். நிலை மட்டும் அதே உயரத்தில் நின்றது. அதனால் உயரமான விருந்தாளிகள் எங்கள் வீட்டுக்குள் தலைகுனிந்து நுழைந்தார்கள். மரியாதை என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

குளியலறைத் தரையை மட்டும் அவர் தொடவில்லை. அதை யார் பார்க்கப்போகிறார்கள்? அது முதலிலேயே இருபது மில்லிமீட்டர் தாழ்வு. இப்போது நூற்று முப்பத்திரண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு படி. மூட்டு அறுவை செய்துகொண்ட அம்மா, ஊன்றுகோலும் கையுமாக அந்த விளிம்பில் நின்று கேட்பாள்:

"ஏங்க, நான் குளிக்கப் போறதா, குதிக்கப் போறதா?"

"பார்த்துக்கலாம்."

ஒரு சரிவு. சொரசொரப்பான ஒற்றைக் கல், கொஞ்சம் சிமென்ட், அரைநாள் வேலை. மொத்த வீட்டுத் தரையையும் இருபது நாளில் மாற்றிய மனிதருக்கு இந்த ஒரு கல் ஆறு வருடமாகக் கைகூடவில்லை. ஏன்? வந்தவர்களிடம் காட்டமுடியாது, அதனால்தான்.

நாங்கள் அளந்த அன்றும் அம்மா கூப்பிட்டாள். "யாராச்சும் கை குடுங்க." நான் நாடாவை விட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "சீக்கிரம் வாம்மா, அளவு தப்பிடும்."

அந்த ஆறாவது தரை என்ன தெரியுமா? சிவப்பு சிமென்ட் போலவே தெரியும் டைல்ஸ். இப்போது அதுதான் வசதியான வீடுகளில் வழக்கமாம்.

"அப்பா, அசல் சிவப்பு சிமென்ட் நம்ம காலுக்குக் கீழ இருக்கு. நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தோண்டினா வந்துடும்."

"அது பழசும்மா. இது பழசு மாதிரி. நீ படிச்ச பொண்ணுதானே, வித்தியாசம் தெரியலியா?"

அம்மா குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்படியே சுவரோரமாக அறைக்குப் போனாள். திட்டியிருந்தால் அப்பா தப்பித்திருப்பார். சற்று நேரம் கழித்து அவரே போய்க் குனிந்து அந்தப் படியை அளந்தார். சட்டைப்பையிலிருந்த சீட்டில் இரண்டாவது வரியாக, 'சொரசொரப்புக் கல் ஒன்று, குளியலறை வாசல்' என்று எழுதினார்.

"நாளைக்குக் கடைக்குப் போறேன்ல, கையோட வாங்கிட்டு வந்துடறேன்."

போனார். சிவப்பு டைல்ஸின் மாதிரித் துண்டு ஒன்றோடு வந்தார். சீட்டில் முதல் வரிக்கு எதிரே மட்டும் டிக் போட்டிருந்தது.

இவ்வளவு ஏளனமும் ஊரார் மேல்தான் என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். அறுத்த தடம் தட்டுப்படுகிறதா? அடுத்து, உங்கள் வீட்டில் எந்த மூலைக்கு யார் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவதை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால், நீங்களும் அந்த இனம்தான். கவலை வேண்டாம், கூட்டம் பெரியது.

அப்பாவின் காரியங்களெல்லாம் முடிந்த மறுவாரம் நானே அந்தச் சீட்டோடு கடைக்குப் போனேன். சிவப்பு வரிசைக்கு முன்னால் நின்றேன். கடைக்காரர் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கட்டைவிரலால் இடுக்கை வருடினேன். அப்பா சொன்னது சரிதான், நன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைக்காரர் மாதிரித் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா குளியலறை விளிம்பில் நின்றிருந்தாள். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"கல்லு கிடைச்சுதா?"