லா கொம்ப் ரூஸ் தொட்டிப் போர்

கிழக்கு நோக்கிச் சரியும் சுண்ணாம்புக் குன்றின் இடுப்பில், நான்கு கற்சுவர்களும் காவல் நிற்க, காலைக் கதிரவனை முதலில் பருகி மாலை நிழலையும் முதலிலேயே போர்த்துக்கொள்ளும் லா கொம்ப் ரூஸ் என்னும் திராட்சைத் தோட்டத்துப் பதினோரு கொடிவரிசைகளுக்கும், இரண்டு முழங்கால் வலிகளுக்கும், அளவிடற்கரிய பிடிவாதத்துக்கும் ஏகாதிபதியாகிய எலுவா பெலிஸோவின் புகழ் ஓங்குக! பர்கண்டி நாட்டுப் பதினெட்டு ஊர்களிலும் அவன் பெயரைச் சொன்னால் இரண்டு ஊர்களிலாவது யாரேனும் தலையாட்டுவார்கள். அந்த எலுவா வேறு யாருமல்லன். இதை எழுதும் நானேதான். என்னைப் பாட எவரும் முன்வராமையால் நானே பாட நேர்ந்தது.

மெல்லிய தோலுடையாளே, கருநீலச் சிறுமணியாளே, பனிக்கும் வெயிலுக்கும் பூஞ்சைக்கும் ஒருங்கே அஞ்சும் பினோ நுவார் என்னும் திராட்சை அன்னையே! என் நாவில் வந்து அமர்க. நடந்ததில் பாதியையாவது நான் கூட்டிச் சொல்ல அருள்க.

அந்த ஆண்டு ஏப்ரலில், வெண்பனி என்னும் பகைவன் ஒரே விடியலில் படையெடுத்து வந்தான். பனியை விரட்ட வரிசைதோறும் மெழுகுச் சட்டிகளை ஏற்றிவைத்து நானும் என் மனைவி ஒடிலும் புகைக்குள் நின்று இருமியும், மூன்றில் இரண்டு பங்குத் தளிர்கள் கருகி வீழ்ந்தன. எஞ்சிய கொடிகள் செப்டம்பரில் தந்த பழம் ஒரே ஒரு மரத்தொட்டியைத்தான் நிரப்பியது. லா கொம்ப் ரூஸ் பழத்தோடு வேறெந்தத் தோட்டத்துப் பழத்தையும் கலப்பதில்லை என்பது எங்கள் விரதம். அந்த ஒரு தோட்டத்து மண்ணும் அந்த ஓராண்டு வானமும் மட்டுமே போத்தலுக்குள் போக வேண்டும். ஆகவே அந்த ஒரு தொட்டி கெட்டால், அவ்வாண்டு என்றோர் ஆண்டு எங்கள் நிலவறையில் இருந்ததாகவே ஆகாது.

அறுவடையன்று, கல்லூரியில் ஒயின் வித்தை பயின்றவளும் நிலவறையின் உண்மையான அரசியுமான ஒடில், ஒரு குலையைப் பிய்த்துக் காம்பைக் கடித்துப் பார்த்தாள்.

“எலுவா, காம்பு இன்னும் பச்சையா இருக்கு. உதிர்த்துட்டுப் பழத்த மட்டும் போடலாம்.”

அப்போது நாயகன் இடியென முழங்கினான்: “குலைகுலையாக, காம்பொடும் கணுவொடும், என் முன்னோர் இட்டவாறே இடுவேன்! மாற்றம் இல்லை!”

உண்மையில் நான் சொன்னது, “எனக்குத் தெரியும், நீ சும்மா இரு,” என்பதுதான். முன்னோர் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

காம்போடு அடுக்கிய குலைகள் தொட்டிக்குள் ஒன்றன்மேலொன்று கேடயம் கோத்த காலாட்படைபோல் இறுகின. தோலில் உறையும் ஈஸ்ட் நுண்ணுயிர் தானாகக் கண்விழித்து, சாற்றைச் சூடேற்றிப் பொங்கச் செய்ய வேண்டும். அவ்வாண்டின் குளிரில் அது போர்த்திக்கொண்டு உறங்கியது. ஒரு நாள் சென்றது, மூன்று சென்றன, ஐந்தும் சென்றன. நீண்ட கைப்பிடி கொண்ட அமுக்குக்கட்டையை வேலென ஏந்தி நான் குத்தினேன். அது ஒரு சாண் இறங்கி நின்றது. ஆறாம் நாள் காலை, படீரென முறிந்தது. என் கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

ஒடில் தொட்டியின் விளிம்பில் குனிந்து மோந்தாள்.

“லேசா காடி வாடை வருது. இன்னிக்குப் பொங்கலேன்னா சாலட்லதான் ஊத்திக்கணும்.”

“இப்ப என்ன பண்றது?”

“என்ன பண்றதா? பேன்ட்டக் கழட்டு. உள்ள எறங்கி மிதி. உன் உடம்புச் சூட்டுலயாவது அது முழிக்கட்டும்.”

அந்நேரம் பார்த்தா மர்ஸோ வர வேண்டும்! சுவருக்கு அப்பால் ஒன்பது வரிசைகளை ஆள்பவன். காம்பு உதிர்த்துப் போட்டவன். மூன்றாம் நாளே தொட்டி பொங்கப் பெற்றவன். பள்ளிக்கூடம் தொட்டே என் பகைவன், அதாவது நண்பன். இரவல் வாங்கிய தண்ணீர்க் குழாயைத் திருப்பித் தர வந்தவன், காட்சியைக் கண்டதும் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்துகொண்டான்.

பிற வீரர்கள் போருக்குமுன் கவசம் பூணுவார்கள். நானோ ஒவ்வொன்றாகக் களைந்தேன். பூட்ஸ் வீழ்ந்தது, காலுறை வீழ்ந்தது, இடைக்கச்சை நெகிழ்ந்தது. பகைவனின் கண்முன்னே, மகள் பிறந்தநாளுக்குத் தந்த மஞ்சள் வாத்துகள் நீந்தும் உள்ளாடை வெளிப்பட்டது.

“யோவ் எலுவா, வாத்துங்களுக்கு நீச்சல் தெரியுமாய்யா?” என்றான் மர்ஸோ.

மறுமொழி கூறாது, குளிர்நீரில் கால்களைக் கழுவினேன். ஒடில் ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தாள். சுடர் நிமிர்ந்து நின்றது. பொங்கத் தொடங்கினால் எழும் வாயு, சுடரையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.

“எரியுது. எறங்கு. தலை மட்டும் மேலயே இருக்கட்டும்,” என்றாள்.

இறங்கினேன். ஆ, அந்தக் குளிர்! குளிர்ப்படை என் பாதம் வழியே புகுந்து முழங்காலைச் சூறையாடி வாத்துகளின் எல்லையை எட்டியபோது நான் எழுப்பிய போர்முழக்கம் ஆண்குரலில் இல்லை என்று மர்ஸோ பின்னர் ஊரெல்லாம் சொன்னான். காம்புகள் கணுக்காலைக் கீறின. ஒரு காலை ஊன்றினால் மறுகாலை விடுவிக்க முடியவில்லை. ஆயினும் மிதித்தேன்; விளிம்பைப் பற்றிக்கொண்டு, மதங்கொண்ட களிறுபோல் என்று எழுத ஆசைதான், சேற்றில் சிக்கிய கன்றுபோல் மிதித்தேன். குலைகள் வெடித்தன. சாறு சிவந்து மேலே எழுந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. மர்ஸோ ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று முடித்தான். எனக்கு மூச்சு வாங்கியது.

“முடியல, ஒடில்.”

அவள் ஒரு கையால் மெழுகுவத்திக் கம்பியைத் தொட்டிக்குள் பிடித்தபடியே இருந்தாள். மறுகையின் விரலால், விளிம்பில் ஒட்டியிருந்த நசுங்கிய பழமொன்றை நீவினாள். ஏப்ரல் விடியலில், கருகிய தளிரையும் அவள் இப்படித்தான் நீவினாள் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நான் முட்டாள் என்பதும் உறைத்தது. மீண்டும் மிதித்தேன்.

அப்போது, இடது குதிகாலுக்கடியில், குளிருக்கு நடுவே, உள்ளங்கையளவு ஓரிடம் வெதுவெதுப்பாயிற்று. ஏதோ கணுக்காலைக் குறுகுறுவென்று கிள்ளியது. குமிழ்கள்! நான் வாய்திறப்பதற்குள் மெழுகுவத்திச் சுடர் ஒருமுறை சாய்ந்தது, சுருங்கியது, அணைந்தது.

“அணைஞ்சிடுச்சு! எலுவா, வெளிய வா!” என்று கத்தினாள் ஒடில்.

வெற்றித்திருமகள் வந்தாள், வீரனால்தான் வெளியே வர இயலவில்லை. காம்புகள் இரு கால்களையும் சிறைப்பிடித்திருந்தன. தலைசுற்றியது. ஒரே பாய்ச்சலில் வந்த மர்ஸோ என் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினான். ஒடில் மறுபுறம் இழுத்தாள். மூவரும் நிலவறைத் தரையில் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தோம்.

“பொணம் மாதிரி கனக்குறியேய்யா,” என்றான் மர்ஸோ. அவன் முகம் வெளிறியிருந்தது.

ஒடில் எழுந்துபோய்த் தொட்டியின் பலகையில் காதை வைத்தாள். உள்ளே மழை தூறுவதுபோல் மெல்லிய இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று நான் அருகில் போனால், சிரித்துக்கொண்டிருந்தாள், அழவும் செய்தாள்.

“அடுத்த வருஷம் காம்ப உதிர்த்துடலாம்,” என்றேன்.

“எனக்குத் தெரியும், நீ சும்மா இரு,” என்றாள்.

அக்கணம், தொடைவரை செந்நீலம் சொட்ட, வாத்துகள் யாவும் ஊதா நிறம் எய்த, நாயகன் நிமிர்ந்து நின்று பிரகடனம் செய்தான்: “கேளுங்கள், கற்சுவர்களே! இரு வாரம் இது பொங்கும், பின் பிழியப்படும், இரண்டே இரண்டு ஓக் பீப்பாய்களில் பதினெட்டுத் திங்கள் துயிலும், லா கொம்ப் ரூஸ் என்னும் ஒரே பெயரைத் தாங்கிப் போத்தலேறும், அதை அருந்துவோர் செந்நாவற்பழ மணத்தையும் ஈரமண்ணின் மணத்தையும், நுண்ணிய நாவுடையோராயின் இம்மாவீரனின் திருவடி மணத்தையும் உணர்ந்து மெய்சிலிர்ப்பர்!” என்று அண்டமதிரக் கூறி, வாகை சூடிய வேந்தனெனப் படியேறிக் குளியலறைக் கதவைத் திறந்தான்.

சோப்பு தீர்ந்துபோயிருந்தது.