சேது பார்த்த ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். புக்கிட் செந்தோசா ஊர்க்காரன் சேதுவின் புளுகு காலைப் பசியாறலுக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவிலேயே காலியாகிவிட்டது. இந்த அழகில் மனுசனுக்குத் தான் பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பு வேறு!

விசயம் இவ்வளவுதான். தீபாவளிக்குள் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியாக வேண்டும். கூட வேலை செய்பவன் வீட்டில் நீல விளக்கு எரிகிற ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சேதுவுக்குத் தூக்கமில்லை. வீட்டில் இருக்கும் பழையதோ கல்லுக்குண்டு. சாகிற வழியைக் காணோம். அது சாகாமல் மனைவி தனேஸ்வரி புதுசுக்குத் தலையாட்ட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மார்க்கெட்டுக்குப் போன சமயம், அதன் முதுகிலிருந்த பியூசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் நம் வீரன்.

"தனேஸ், ஆம்ப்ளிஃபயர் போச்சு லா!"

"நேத்து நல்லாத்தானே பாடுச்சு?"

"சாவு என்ன சொல்லிட்டா வரும்?"

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அதே பிளக்கில் சொருகினாள். சூடானது.

"கரண்ட் வருதுங்க."

"உள்ள எரிஞ்சிருச்சு."

"எரிஞ்சா வாடை வருமே?"

"இது வாடை வராம எரியிற ரகம்!"

சேது மூடியைக் கழற்றினான். ஸ்குரூடிரைவரால் அங்கே தட்டினான், இங்கே தட்டினான், மூக்கை விட்டு மோந்தான். பியூசைத் தவிர உள்ளே எது என்னவென்று தெரிந்தால்தானே! கடைசியில் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"பிரம்மாவே வந்தாலும் இதை எழுப்ப முடியாது. புதுசுதான்."

"முடியவே முடியாதா?"

"சத்தியமா!"

"சரி" என்றவள் நேரே வாசலுக்குப் போனாள். பழைய பேப்பர், உடைந்த சாமான் எடுக்கும் லோரி தெருவில் கூவிக்கொண்டு வந்தது. கைதட்டி நிறுத்தினாள். சேது உள்ளுக்குள் லட்டு தின்றான்.

"ரெண்டு ஸ்பீக்கரையும் சேர்த்தே போட்டுடலாங்க."

லட்டு தொண்டையில் சிக்கியது. "ஏய், ஸ்பீக்கர் என்ன பண்ணுச்சு?"

"இவ்ளோ உறுதியான சாமானே வாடை இல்லாம எரிஞ்சிருச்சு. புதுசு எத்தனை நாளைக்கு நிக்கும்? எனக்குப் பாட்டுக் கேக்க போனு போதும். அந்த மூலையில மீன் தொட்டி வைக்கலாம்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, பெண்டாட்டியைவிடப் பத்திரமாகத் துடைத்து வைத்த ஸ்பீக்கர்கள்! சேதுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கடைசியா ஒரு தடவை பார்க்கிறேன். நீ போய் ஒரு தேத்தண்ணி கலக்கு!"

அவள் அடுப்படிக்குத் திரும்பியதுதான் தாமதம், பியூஸ் உள்ளே போனது. ஆம்ப்ளிஃபயர் வீடு அதிரப் பாடியது. லோரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். புதுசு போனால் போகட்டும், ஸ்பீக்கர் தப்பியதே என்று சேது மூச்சுவிட்டான்.

தேத்தண்ணியோடு வந்த தனேஸ்வரி நேரே வேலி ஓரம் ஓடினாள்.

"தங்கமணிக்கா! பிரம்மாவாலயே முடியாததை எங்க வீட்டுக்காரரு ஒத்த ஸ்குரூடிரைவர்ல ரிப்பேர் பண்ணிட்டாருக்கா!"

பக்கத்து வீட்டுத் தங்கமணி சும்மா இருப்பாளா? ஓடாத பிளெண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டு ரைஸ் குக்கரும் மூலைவீட்டுக் காத்தாடியும் வந்து சேர்ந்தன. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான் சேது. எப்படிச் சொல்வது? ஆம்ப்ளிஃபயர்தான் உள்ளே அலறிக்கொண்டிருக்கிறதே!

தனேஸ்வரி பிளெண்டரை வாங்கி அவன் மடியில் வைத்தாள். காதருகே குனிந்தாள்.

"பார்த்துப் பண்ணுங்க. இது நெசமாவே கெட்டுப்போனது."