ஃபியட்டுக்கு இழுவை இல்லை

"ஆக்சிலேட்டர் வயரக் கையால இழுத்தா புலி மாதிரி உறுமுது. ரோட்ல வுட்டா பூனைக்குட்டி. இன்னா வண்டி அண்ணாத்தே இது?" பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டான் மெக்கானிக் சுலைமான்.

பதில் தெரிந்தால் பரந்தாமன் ஏன் அவனைத் தேடி வருகிறான்? ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், அவன் வரிசையில் முதல் கார் அவனுடையதுதான். மனைவி வசந்தகுமாரிக்கு நிறைமாதம். வலி வந்தால் ஆட்டோ தேடி அலையக்கூடாது என்று வாங்கிய பழைய ஃபியட். முதல் நாள் பறந்தது. மறுநாளிலிருந்து முக்கி முனகி, சைக்கிள் வேகத்துக்கு மேல் ஏறவில்லை.

"கார்புரேட்டர்ல குப்ப கீது. கழுவிட்டா ஜிவ்வுனு போவும்."

கழுவியதும் புகை கிளம்பியது. எதிர்வீட்டு எல்லம்மா காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகளெல்லாம் சபரிமலைக்குக் கிளம்பின மாதிரி கறுத்தன.

"அப்போ பிளக்குதான்."

பிளக்கை மாற்றி டைமிங்கையும் திருப்பியதில் சைலன்சர் வெடிக்க ஆரம்பித்தது. நாய்கள் தெருமுனை வரை வந்து வழியனுப்பின. வேகம் மட்டும் கூடவில்லை.

பரந்தாமனுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில்கூட வலது கால் எதையோ மிதித்தது.

"மெதுவாப் போனா என்னங்க? போய்ச் சேர்ந்தாச் சரி," என்றாள் வசந்தகுமாரி.

"வலி வந்தா அப்போ தெரியும் உனக்கு!"

கடைசியில் சுலைமான் கிளட்ச் பிளேட்டின் மேல் பழியைப் போட்டான். அதை மாற்றியதும் மூன்றாம் கியர் விழமாட்டேன் என்றது. அந்த லட்சணத்தில் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய காலையில்தான் வசந்தகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க... வலிக்குது" என்றாள்.

மூவரும் ஏறினார்கள். திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் பரந்தாமனின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மிதி மிதியென்று மிதித்தான். ஒரு வைக்கோல் வண்டிக்காரர் பெருந்தன்மையாக ஒதுங்கி வழிவிட்டார். பார்த்தார், பொறுத்தார், பிறகு அவரே முந்திக்கொண்டு போனார்.

"இஞ்சினயே எறக்கிப் பாத்துடலாம்," என்றான் பக்கத்து சீட்டிலிருந்த சுலைமான்.

"இன்னும் எவ்வளவு தூரங்க?" பின்சீட்டிலிருந்து முனகல்.

"அம்பத்தூர் ஆஸ்பத்திரி வந்துடும்மா, பொறுத்துக்க. இதுக்கு மேல மிதிக்க முடியல!"

அடுத்த வலி வந்தது. வசந்தகுமாரி பின்னாலிருந்து அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீங்க ஓட்டின ஓட்டத்துக்குப் பயந்து நான்தான் ஆக்சிலேட்டருக்கு அடியில கட்டை வச்சேன். எடுத்துத் தொலைங்க!"