முதுகைக் கண்டதும் பெயர் வைப்பவர்

மனிதர்களில் முதுகைக் கண்டதும் பெயர் வைத்துவிடும் ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிடும். அந்த இனத்தில் ஒருவரை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு திமிங்கில ஆய்வுப் படகில்.

வெப்பக் கடலில் அலகுத் திமிங்கிலம் கண்ணில் படுவதே அபூர்வம். மேலே வந்து நாலு மூச்சு விடும். முங்கினால் ஆளைக் காணாது. தலை தெளிவாகத் தெரியும் படம் இருந்தால்தான் இன்ன இனம் என்று பதிவில் ஏற்பார்கள். அதனால் படகில் ஒரே விதி: முதலில் படம், பிறகு பேச்சு. நம்மவருக்கோ பேச்சுதான் முதலும் முடிவும். தூரத்தில் ஓர் அலை புரண்டால் போதும், எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, "இதை இந்தப் பக்கம் யாருமே பார்த்ததில்ல, எழுதிக்குங்க" என்பார். கிட்டே போனால் மரக்கட்டை. அசருவாரா? "கட்டைக்கு அடியில இருந்துச்சு."

படமெடுக்கும் பெண்ணுக்கு அது கடைசிப் பயணம். ஒரே ஒரு நல்ல படம் கிடைத்தால் ஆராய்ச்சி முடியும், பட்டம் வரும். இல்லாவிட்டால் வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்ததெல்லாம் வீண். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றாள், பாவம்.

வந்தது. படகுக்குப் பக்கத்திலேயே, நிஜமாகவே வந்தது. நம்மவர் அவள் முன்னால் பாய்ந்து, கையை நீட்டி, அதன் பெயரையும் பரம்பரையையும் சொல்லி முடிப்பதற்குள் முங்கியும்விட்டது.

எடுத்த படங்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் தலை இருக்க வேண்டிய இடத்தில் கைக்கடிகாரம்.

"அண்ணா, உங்க கைதான் தெரியுது."

"அதனால என்னம்மா? அதுதான்னு நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா ஏத்துக்க மாட்டாங்கண்ணா. தலை தெரியணும்."

"என் கையை அளவா வச்சு நீளத்தைக் கணக்குப் போட்டுக்கோயேன்."

அவள் 'இனம் தெரியாத திமிங்கிலம்' என்று எழுதிவிட்டு, துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கரையேறிய வாரமே 'நான் கண்ட அபூர்வம்' என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசினார். நல்ல கைதட்டல். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும், இல்லையா? முதல் பத்தியிலேயே 'அட, இது நம்ம மச்சானாச்சே' என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவர் முகம் எப்படியிருக்கும் என்று நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வேண்டுமானால் இதை மச்சானிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முதல் வரியிலேயே உங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்.