வடக்குப்பட்டு ஏரிக்கு வந்த இரண்டு கிரேன்கள்

வடக்குப்பட்டு,
27.1.2005

மதிப்பிற்குரிய ஆசிரியர் கோதண்டம் சார் அவர்களுக்கு,

பெண் தொழிலாளர் விடுதிக் காப்பாளர் செங்கமலம் எழுதுவது. இங்கு நான் சுகம். தாங்களும் தங்கள் பைனாகுலரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நம் பறவை நோக்கர் சங்கத்தின் மாத மடலுக்கு நான் நான்கு வரியில் மன்னிப்பு எழுதித் தர வேண்டும் என்று தங்கள் கார்டு வந்தது. 'பயிற்சியற்ற உறுப்பினர் தந்த தவறான தகவல்' என்று தலைப்பும் தாங்களே வைத்துவிட்டீர்கள். நான்கு வரியில் அடங்காது சார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். திருத்தம் என்று இதையே அச்சிடுங்கள்.

ஒன்பது குளிர்காலமாக இந்த ஏரியிலிருந்து தங்களுக்குக் கார்டு போடுகிறேன். கிளுவை இத்தனை, ஊசிவால் வாத்து இத்தனை, உள்ளான் இத்தனை என்று. ஒரு வரி அச்சில் வந்ததில்லை. கேட்டால், "இங்கிலீஷ் பேர் சொல்லுங்கம்மா, அப்பத்தான் மெம்பர்ஸுக்குப் புரியும்" என்பீர்கள். இந்த வருஷம் ஏரியை வடித்து, மேடாக்கி, கம்பெனிகளுக்குச் சாலை போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஆட்சேபணை தர மாதக் கடைசிவரை நாள் இருக்கிறதே என்று ஒன்பது வருஷ நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன். குமாஸ்தா அட்டையைக்கூடத் திருப்பவில்லை. "தனியாளு நோட்டெல்லாம் செல்லாதும்மா. எதுனா சங்கம் பேர்ல அச்சடிச்ச பேப்பர் கீதா? அத்த எட்துகினு வா" என்றார். அன்று மாலை எங்கள் விடுதிப் பெண் மாரிசெல்வி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "யக்கா, ஒங்க குளத்துல ரெண்டு கிரேன் வந்து நிக்கி! சிமெண்டுக் குழாய எறக்குதானுவ, தண்ணிய வடிச்சிருவானுவ போலுக்கே!" செருப்புக்கூட மாட்டாமல் எஸ்டிடி பூத்துக்கு ஓடித் தங்களைக் கூப்பிட்டேன்.

"சார், நம்ம ஏரிக்கு ரெண்டு கிரேன் வந்திருக்கு."

"கிரேனா! என்னம்மா சொல்றீங்க? என்ன உயரம்?"

"பனைமர உயரம் சார்."

"ஆசையில பேசாதீங்க. கலர்?"

"மஞ்சள்."

"சாயங்கால வெயில்ல அப்படித்தான் தெரியும். சாம்பலாத்தான் இருக்கும். சத்தம் போடுதா?"

"காது கிழியுது."

"போடும், போடும். கிட்ட போயி விரட்டிடாதீங்க!"

"நான் விரட்டினா போயிடுமா சார்? அதுக்குத்தானே உங்களக் கூப்பிடறேன். சங்கத்து பேர்ல பறவை லிஸ்ட் ஒண்ணு அச்சடிச்சு..." என்பதற்குள் வைத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வேனில், பொங்கல் பொட்டலங்களோடு வந்து இறங்கினீர்கள். மதகோரம் இரண்டு இயந்திரங்களும் நின்றன. கிரேன் ஓட்டும் உள்ளூர் ரகு கீழே குதித்து வந்து, "இன்னா சார், எங்க வண்டியப் பாக்கவா பூதக்கண்ணாடி மாட்டிகினு வந்தீங்க? கிட்ட வந்தே பாருங்க, கொத்தாது" என்றான். தாங்கள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். "நீங்க படிச்சவங்கதானேம்மா?" ஆமாம் சார், விலங்கியல் பட்டம். இயந்திரத்துக்குப் பின்னால் தண்ணீரில் நானூறு கிளுவை மிதக்கிறது, அதையாவது எண்ணுங்கள் என்று கெஞ்சினேன். "கிளுவை எந்த ஏரியிலம்மா இல்ல?" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வேடந்தாங்கல் போனீர்கள். பொட்டலக் காகிதங்களைப் பொறுக்கியது நான்.

யோசித்துப் பார்க்கிறேன். ஒன்பது வருஷம் தமிழில் சொன்ன பறவைக்கு ஒருவரும் வரவில்லை. ஒரே ஒருநாள் கிரேன் என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னேன், இங்கிலீஷில் பெருங்கொக்குக்கும் அதே பேர் என்பதால் இல்லாத பறவைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதைவிடக் கசப்பு, மறுநாள் தபாலில் வந்த மடல். ஞாயிறு வந்து பார்ப்பதற்கு முன்பே, சனிக்கிழமையே அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வடக்குப்பட்டு ஏரியில் கிரேன் ஜோடி, வட்டாரத்தின் முதல் பதிவு. பார்த்தவர்கள்: கோதண்டம் மற்றும் குழுவினர்.' பெருமை தங்களுக்கு, தப்பு எனக்கு. நான் பொய் சொல்கிறவள் இல்லை. வந்தது பறவையல்ல, இயந்திரம் என்று அடுத்த இதழில் அதே முதல் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் வந்தாக வேண்டும். இத்துடன் சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.

வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கம். வேடந்தாங்கலில் தாங்கள் பார்த்த எல்லாவற்றுக்கும் ஆயுள் கெட்டியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
செங்கமலம்

பி.கு: இதை உறையிலிட்டு ஒட்டுவதற்குமுன் கடைசி முயற்சியாகத் தாலுகா ஆபீஸ் போய்வந்தேன். காட்ட அச்சடித்த காகிதம் என்று என்னிடம் இருந்தது தங்கள் மடல் ஒன்றுதான். குமாஸ்தா முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "கிரேன்னா இன்னாம்மா, கொக்கா?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. வனத்துறை வந்து பார்க்கும்வரை குழாய் இறக்கக் கூடாது என்று சாயங்காலமே ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியும் அச்சிட வேண்டாம். திருத்தம் வேண்டவே வேண்டாம். விலகலும் இல்லை. யாராவது விசாரிக்க வந்தால், கிரேன் இரண்டையும் கண்ணால் பார்த்தோம் என்று பதினொரு பேரும் சொல்லுங்கள். பார்த்தீர்கள்தானே சார்?