நான்காவது வெர்ஷனில் மூன்று மணி

இதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்காவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தையல்காரிக்குப் பயம். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. எந்தப் பட்டனுக்கு என்ன பெயர் என்று சரியாகத் தெரியாது. எது எங்கே இருந்தது என்று மட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்டுவாள். தொட்டதுதானே கதை.

அவளுக்கென்று ஒரு நாளில் ஒரு மணி நேரம் இருந்தது. மூன்றிலிருந்து நான்கு. மெஷினை மூடிவிட்டு ஜன்னலோரம் உட்காருவாள். எதிர்ச்சுவரில் வெயில் ஒரு செங்கல்லிலிருந்து அடுத்த செங்கல்லுக்கு நகரும். கூடவே அவளும் நகர்வாள். எங்கே போனாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் போய்விட்டு வந்தால்தான் மறுபடி ஊசியில் நூல் ஏறும்.

அந்த ஒரு மணியில்தான் அவள் வீட்டுக்காரர் கை வைத்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரில் ஒரு மூன்று மாதப் படிப்பு படித்தார். படித்த சூட்டோடு, சாப்பிடும்போது தீர்மானம் அறிவித்தார்.

"இனிமே இந்த வீட்ல யாரு என்ன வேலை செய்யணும்னு நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது. சிஸ்டம் சொல்லும்."

"அது யாருங்க?"

"நான் எழுதின ஆப். தினம் காலையில ரெண்டு பேர் போன்லயும் பட்டியல் வந்துடும். அப்பீலே கிடையாது. நானே சொன்னாலும் கேக்காது."

"நீங்க சொன்னா கேக்காம குழாய் ஒண்ணு சொட்டிக்கிட்டு இருக்கு. இப்ப இது வேறயா?"

அவர் லேப்டாப்பைத் திறந்தார். அவள் கழுத்தில் டேப்போடு பின்னால் நின்றாள்.

"எல்லாத்தையும் ஒரே பொட்டலமா ஜிப் பண்ணிட்டேன். இப்ப கிளவுட்ல ஏத்தணும்."

"ஜிப் வேலைன்னா எங்கிட்ட குடுத்திருக்கலாமே. கெட்டியா நிக்கும்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டலத்தைத் தேர்ந்தெடுத்தார். வெர்ஷன் நான்கு என்று பெயர் வைத்தார். ஏற்றி ஓடவிடும் 'டிப்ளாய்' பட்டனை, இருபது மாடிக் கட்டடத்தையே தூக்கப் போகிறவர் மாதிரி அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சாம்பல் நிறத்தில் சுழன்றது. அதன் கீழே வரிகள் எறும்புச் சாரியாக ஊர்ந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் சொக்கியது. மழைக்கு முந்தைய வானத்தை யாரோ மெல்லக் கிண்டிக்கொண்டிருப்பது போல் இருந்தது. வெகு நேரம் கழித்து வட்டம் பச்சையானது.

"கீழ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருக்கே, அதெல்லாம்?"

"பழைய வெர்ஷன். லிஃப்ட் மாதிரிதான். எந்த மாடி வேணுமோ அதைத் தொட்டு டிப்ளாய் குடுத்தா, அங்க போயிடும்."

"ஒண்ணுல என்ன இருக்கு?"

"சும்மா ட்ரயல். எல்லா வேலைக்கும் என் பேரையே போட்டுப் பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் காலை பட்டியல் வந்தது. அவளுக்குப் பாத்திரம், பெருக்கல், துவையல், இஸ்திரி. மூன்று மணிக்குத் துணி மடித்தல். அவருக்குச் செடிக்குத் தண்ணீர். வீட்டில் இருந்தது ஒரே செடி. மூன்று மணிக்கு மேற்பார்வை.

"மேற்பார்வைன்னா என்னங்க?"

"பாக்கறது."

"எதை?"

"நீ மடிக்கிறதை."

மூன்று நாள் வெயில் அவள் இல்லாமலே சுவரைக் கடந்து போனது. மூன்றாம் நாள் ஒரு சட்டையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அன்றே முடிவு செய்தாள்.

நான்காம் நாள் மூன்று மணி. அவர் சாய்வு நாற்காலியில் மேற்பார்வையில் இருந்தார். குறட்டை சீராக வந்தது. லேப்டாப் திறந்தே கிடந்தது. அவள் பக்கத்தில் போனாள். கரண்ட் போய்விடுமோ? எங்காவது மணி அடித்து ஆள் வந்துவிடுமோ? முதல் வெர்ஷனைத் தொட்டாள். டிப்ளாய் கொடுத்தாள். வட்டம் சுழன்றது. மடிக்க வேண்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்தாள். சாம்பல் வானம், எறும்புகள், தூரத்தில் எங்கோ ஒரு குறட்டை. பச்சையானபோது அவள் எங்கிருந்தோ திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னடி இது! பாத்திரம், நான். பெருக்கல், நான். துவையலும் நானா?"

"எனக்கு ஒண்ணுமே வரலீங்க. சார்ஜ் கம்மியோ என்னவோ."

"ஏதோ தப்பு. இரு, மாத்திடறேன்."

"நீங்களே மாத்தலாமா? அப்பீல் இல்லைன்னீங்களே. முதல்ல பாத்திரத்தை முடிங்க. இல்லைன்னா சிஸ்டத்துக்கு என்ன மரியாதை?"

மரியாதை என்றதும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவர் கை நுரைக்குள் போகும்வரை காத்திருந்தாள். பாத்திரம் முடிந்தால் நேராக இங்கேதான் வருவார், நான்காம் மாடிக்கு ஏறிவிடுவார். முதலில் திரை ஓரத்தில் கிடந்த, அவர் ஜிப் பண்ணிய பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் தள்ளி, தொட்டியையும் காலி செய்தாள். பிறகு கிளவுட் பக்கத்தில் முதல் வெர்ஷனை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றுக்கும் டிக் வைத்து, அழிக்கச் சொன்னாள்.

'நிச்சயமாகத்தானா?' என்று திரை கேட்டது.

இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் அவளை யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ஆம்' என்பதை அழுத்தினாள்.